அந்த மூட்டைகளில் இல்லாத பொருள்

"நீங்க இன்னைக்குப் பொறுக்குவீங்க, நாளைக்கு இன்னொருத்தன் வந்து போட்டுட்டுப் போவான். அப்புறம் என்ன பண்ணுவீங்க?"

ஏரிக்கரையில் குப்பை எடுக்கப் போகிறோம் என்று சொன்னால் போதும், யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுகிறார். கேட்பவர்கள் வம்புக்காகக் கேட்பதில்லை. என் மாமியார் வாழ்நாளின் பெரும்பகுதியைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தே கழித்தவர். குனிந்தே செய்யும் வேலை இடுப்பை என்ன பாடு படுத்தும் என்று அவருக்குத் தெரியும். அவர் கேட்டது இன்னும் நேராக இருந்தது: "வந்தவன் தின்னுட்டுப் போட்டதை நீ ஏன் கண்ணு எடுக்கணும்? எடுக்கறதுக்குச் சம்பளம் வாங்கற ஆளு இருக்குதில்ல?" அன்றைக்கு அவருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. 'மனத் திருப்திக்காக' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என் மனத் திருப்திக்கு ஊரார் ஏன் மூட்டை தூக்க வேண்டும்? 'மக்களிடம் விழிப்புணர்வு வரும்' என்றும் சொல்லியிருக்கலாம். மேடையில் அது நன்றாக இருக்கும், கரையில் நின்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டு கேள்விகளும் பல மாதங்கள் மனதில் கிடந்து உறுத்தின. குப்பையைத் தரம் பிரிக்கும் ஓர் அக்காதான் வேறு எதையோ பேசப்போய் அவற்றுக்கான விடையின் நுனியைக் காட்டினார். அதை ஆற அமர எழுதிப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

நாங்கள் போவது காமராஜ் சாகர் அணையின் கரைக்கு. ஊட்டியிலிருந்து கூடலூர் போகிறவர்கள் பைன் காட்டுக்கு அருகே வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளும் அதே நீர்ப்பரப்புதான். மார்ச் மாதத்தில் தண்ணீர் உள்வாங்கிவிடும். ஏரியின் விளிம்பில் வெடித்த சேறு அகலமாகத் தெரியும். மழைக்காலத்தில் தண்ணீர் எந்தெந்த உயரத்துக்கு ஏறி நின்றதோ அந்த உயரங்களிலெல்லாம் குப்பை ஒரு கோடாக ஒதுங்கிக் கிடக்கும். சாலையிலிருந்து பார்த்தால் அது தெரியாது, இறங்கி நடந்தால்தான் தெரியும். அந்தக் கோடுகளைப் பார்த்துப் பழகிவிட்டால் கரையில் கிடப்பது இரண்டு வகை என்பது விளங்கிவிடும். முதல் வகை சாலையோரத்திலிருந்து வருவது: சாயம் போகாத சிப்ஸ் பாக்கெட், பேப்பர் கப், பிறந்தநாள் கேக் அட்டை, சீகை மரத்தடியில் சாம்பலோடு கிடக்கும் கறித் தட்டு. இரண்டாம் வகை தண்ணீரோடு வருவது. அதில் எழுத்தெல்லாம் அழிந்திருக்கும், உள்ளே சேறு ஏறியிருக்கும், வேர்களைச் சுற்றி நூல் நூலாகத் திரித்துக்கொண்டு கிடக்கும். இது சுற்றுலாப் பயணி போட்டதல்ல, ஊருக்குள்ளிருந்து வருவது.

எப்படி வருகிறது என்பது இங்கே குடியிருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஜான் சல்லிவன் 1823ஆம் ஆண்டு வாக்கில் வெட்டத் தொடங்கிய ஊட்டி ஏரிக்குள் கோடப்பமந்துக் கால்வாய் வந்து விழுகிறது. கடைத்தெருவின் கழிவும் வீட்டுச் சாக்கடையும் மழைத்தண்ணீரும் அதன் வழியாகத்தான் போகின்றன. ஏரி நிறைந்தால் மிச்சம் சாண்டிநல்லா வழியே காமராஜ் சாகருக்கு. அங்கிருந்து அந்தத் தண்ணீர் மலையின் வடக்குச் சரிவில் இறங்கினால் மாயாறு. மாயாறு முதுமலை ஓரமாக ஓடிப் பவானிசாகர் அணையில் பவானியோடு சேர்கிறது. பவானி கூடுதுறையில் காவிரியில் கலக்கிறது. அதற்குப் பிறகு பூம்புகார் வரை சொல்ல வேண்டியதில்லை. காமராஜ் சாகரின் சேற்றில் நிற்கும்போது நான் கடலுக்கு வெகுதூரத்தில் நிற்பதாக நினைத்ததே இல்லை. வங்காள விரிகுடாவின் முதல் கரை இதுதான் என்றே எனக்குத் தோன்றும். இங்கே விட்டது கீழே யாரோ ஒருவருடைய வலையிலோ வயலிலோ யானையின் வயிற்றிலோ போய்ச் சேரும்.

நம் ஊரில் இதைப் பற்றிய பேச்சு எப்போதும் முதல் வகைக் குப்பையைப் பற்றியதாகவே இருக்கிறது. 'டூரிஸ்ட்காரன் நாசம் பண்றான்' என்று சொல்வது எளிது. அவன் பண்ணுவதும் உண்மைதான். ஆனால் நாங்கள் எடுப்பதில் பெரும்பகுதி இரண்டாம் வகை. பால் பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்து எறிகிறோமே, அந்த விரல் நுனி அளவு முக்கோணம் சேற்றில் எங்கு தோண்டினாலும் வரும். பாக்கெட்டை எடைக்குப் போட்டுவிடுவோம், மூலை மட்டும் பாத்திரம் கழுவும் தண்ணீரோடு போய்விடும். ஷாம்பு பாக்கெட்டின் கிழித்த தலையும் அப்படித்தான். தண்ணீர் பாட்டிலைவிட அதன் மூடிதான் கரையில் அதிகம் கிடக்கும். மூடி செய்யும் பிளாஸ்டிக் தண்ணீரைவிட லேசானது, அதனால் மிதந்து ஒதுங்குகிறது. பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக் தண்ணீரைவிடக் கனமானது, மூடியில்லாத பாட்டிலுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் அது அடியில் போய்விடும். ஆக, நாம் கரையில் எண்ணும் மூடிகளுக்குரிய பாட்டில்கள் ஏரிக்குள் கிடக்கின்றன. புதிதாக வரும் பிள்ளைகள் பெரிய பொருளாகத் தேடி ஓடுவார்கள், மூட்டை சீக்கிரம் நிறையும் என்று. அவர்களை உட்காரவைத்து ஒரு முழம் இடத்தை மட்டும் விரலால் கிளறச் சொல்வேன். ஐந்து நிமிடத்தில் முகம் மாறிவிடும்.

எண்ணும் பழக்கம் எனக்கு வந்தது இந்த மலையில் அல்ல. சென்னையில் வேலை பார்த்த காலத்தில் பெசன்ட் நகர் கடற்கரையில் ஒரு சனிக்கிழமை காலை சுத்தம் செய்யப் போனேன். கையுறையோடு ஓர் அட்டையையும் பென்சிலையும் கொடுத்தார்கள். சிகரெட் துண்டு, மூடி, ஸ்ட்ரா, கயிறு, வலைத்துண்டு, செருப்பு என்று வரிசையாக அச்சடித்திருந்தது. எடுப்பதை ஒருவர் உரக்கச் சொல்ல, இன்னொருவர் கோடு போட வேண்டும். எனக்கு அது வேலையைத் தாமதப்படுத்தும் காரியமாகப் பட்டது. கூட வந்த ஒரு பெரியவர்தான் விளக்கினார். செப்டம்பர் மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை உலகெங்கும் நடக்கும் இந்தக் கடற்கரைத் துப்புரவு, 1986இல் அமெரிக்காவின் டெக்சஸ் கரையில் தொடங்கியபோதே எண்ணுவதையும் சேர்த்துத்தான் தொடங்கியிருக்கிறார்கள். சும்மா 'குப்பை' என்று சொன்னால் யாரையும் கேள்வி கேட்க முடியாது. எது எவ்வளவு என்று எழுதினால் அது கப்பலிலிருந்து வந்ததா கரையிலிருந்து வந்ததா என்று சொல்லிவிடலாம். கப்பல்கள் கடலில் பிளாஸ்டிக் கொட்டக் கூடாது என்ற சர்வதேச விதி 1988 டிசம்பர் 31 அன்று நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கா அதை ஏற்க வேண்டும் என்று வாதாடியவர்கள் கையில் அந்தக் கரையில் எடுத்த கணக்கும் இருந்தது. பஞ்சு என்று நாம் நினைக்கும் சிகரெட் வடிகட்டி உண்மையில் செல்லுலோஸ் அசிட்டேட் என்னும் பிளாஸ்டிக் என்பதும் அன்றைக்கு அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மலைக்குத் திரும்பி வந்து இங்கே நண்பர்களோடு சேர்ந்தபோது அந்த அட்டையை நமக்கு ஏற்றபடி மாற்றி எழுதினோம். வலைத்துண்டை எடுத்துவிட்டு உரச்சாக்கு, பூச்சிமருந்து டப்பா, ஷால் சுற்றி வரும் உறை, ஹோம்மேட் சாக்லேட் பேப்பர் எல்லாம் சேர்த்தோம். எல்லோருக்கும் இது பிடிக்கவில்லை. 'மூட்டை எத்தனை என்று சொன்னால் போதாதா' என்பவர்கள் இன்றும் எங்களில் இருக்கிறார்கள். அவர்களும் மனதார உழைப்பவர்கள். விடியும் முன்பே வந்து, நடுங்கும் கையால் டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டு, ஒரு வர்க்கியைத் தோய்த்துத் தின்றுவிட்டு வேலையில் இறங்குகிறவர்கள். அவர்களோடு எனக்கு இருந்தது கருத்து வேறுபாடு மட்டும்தான். அதுவும் ஒரு மழை நாளில் தீர்ந்தது.

கொட்டிப் பார்த்த இடம்

அன்று வேலை பாதி நடக்கும்போதே மேகம் இறங்கிவிட்டது. கோடை மழை இங்கே சொல்லிக்கொண்டு வராது. கரையில் தார்ப்பாய் விரித்துக் கணக்கெடுக்க நினைத்திருந்தோம், தார்ப்பாயைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. மூட்டைகளை அப்படியே வண்டியில் ஏற்றிக் குப்பையைத் தரம் பிரிக்கும் கூடத்துக்குக் கொண்டுபோனோம். வழக்கமாக மூட்டையை இறக்கிவைத்ததும் எங்கள் வேலை முடிந்துவிடும். அன்று எண்ணுவதற்காகச் சிலர் மட்டும் அங்கேயே இருந்தோம்.

தகரக் கூரைமேல் மழை அடித்த சத்தத்தில் பேசுவதே கஷ்டம். உள்ளே பெண்கள்தான் அதிகம். சேலைக்கு மேலே கோட்டு, கோட்டுக்கு மேலே ஸ்வெட்டர், முகத்தில் துணி. நாங்கள் எண்ண வேண்டும் என்றதும் அவர்களில் மூத்த அக்கா ஒருவர் சிரித்துவிட்டார். "எண்ணி என்னங்க பண்ணுவீங்க?" என்றவர், பதிலுக்குக் காத்திராமல் எங்கள் மூட்டை ஒன்றைத் தரையில் கவிழ்த்தார். அவர் கை வேலை செய்ததை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒவ்வொரு துண்டையும் ஒருமுறை கசக்குவார். கசக்கினால் சரசரவென்று சத்தம் வருவது ஒரு பக்கம், சத்தமில்லாமல் மெத்தென்று மடங்குவது இன்னொரு பக்கம், கசக்கிவிட்டாலும் திரும்ப விரிந்துகொள்ளும் வெள்ளி பூசிய பாக்கெட் மூன்றாவது பக்கம். கண்ணால் பார்ப்பதே இல்லை. அந்த மூன்றாவது குவியல்தான் மளமளவென்று உயர்ந்தது. அதைக் காட்டி, "இது யாரும் எடுக்க மாட்டாங்க. காசு கொடுத்தாலும் கடைக்காரன் வாங்க மாட்டான்" என்றார். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் படலம் படலமாக ஒட்டியது அது. அதைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு, அதனால் பழைய பொருள் வாங்கும் கடையில் அதற்கு விலை கிடையாது. கட்டுகளாக அழுத்திச் சிமெண்ட் ஆலைக்கு எரிபொருளாக அனுப்புவதுதான் பெரும்பாலும் அதற்கு இருக்கும் போக்கு. இந்த மலையிலிருந்து அதை அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் இறக்க லாரி வாடகை வேறு.

அட்டையில் நான் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். மூடி, பாக்கெட், கப், நாப்கின், தெர்மாகோல். அப்போது அவர் குவியலைக் கையால் ஒதுக்கிவிட்டுக் கேட்டார்:

"இருக்கறதை எல்லாம் எழுதறீங்க. இல்லாததைக் கவனிச்சீங்களா?"

எனக்குப் புரியவில்லை.

"பாட்டில் எங்கங்க? பிராந்தி பாட்டில்?"

பார்த்தேன். உண்மையிலேயே இல்லை. சேற்றில் புதைந்து கிடந்து பச்சை படிந்த பழைய பாட்டில்கள் சில, உடைந்த கழுத்து ஒன்றிரண்டு. அவ்வளவுதான். பைன் காட்டை ஒட்டிய ஏரிக்கரையில், சீசனில் வண்டிகள் வரிசை கட்டும் இடத்தில், அந்த அளவு மூட்டைகளில், புது மதுபாட்டில் ஒன்றுகூட இல்லை.

"பத்து ரூபா ஸ்டிக்கர் ஒட்டுனது இங்க வராதுங்க" என்றார். "முன்னெல்லாம் ஒரு மூட்டையக் கொட்டுனா பாதி கண்ணாடிதான். இத பாருங்க." உள்ளங்கையை விரித்துக் காட்டினார். கட்டைவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு தழும்பு. "எவனும் திருந்தலை. குடிக்கறவன் குடிச்சுட்டு அங்கயேதான் போட்டுட்டுப் போறான். ஆனா பின்னாடி வர்றவன் எடுத்துக்கறான். பத்து ரூபா இல்லீங்களா?"

அவர் அடுத்த மூட்டைக்குப் போய்விட்டார். நான் அட்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். எங்கள் அட்டையில் அத்தனை வரிகள் இருந்தும், இல்லாத பொருளை எழுத ஒரு வரி இல்லை. எப்போதாவது ஒரு நாள் வந்து பார்ப்பவருக்கு எது குறைந்திருக்கிறது என்று தெரிய வழியே இல்லை. நாள்தோறும் கொட்டிப் பிரிக்கிறவருக்குத்தான் தெரியும். எண்ணி என்ன பண்ணுவீர்கள் என்று சிரித்தவரே எல்லோரையும்விடத் துல்லியமான கணக்கைக் கையில் வைத்திருந்தார்.

பத்து ரூபாய் செய்த வேலை

அந்தப் பத்து ரூபாய் எப்படி வந்தது என்பது இங்குள்ளவர்களுக்கு நினைவிருக்கும். காட்டோரங்களில் வீசிய பாட்டில்கள் உடைந்து யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்ற கவலை சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. நீதிமன்றம் வற்புறுத்தியதன் பேரில், 2022 மே 15 முதல் நீலகிரி மாவட்டத்து டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் தரத் தொடங்கினார்கள். முதலில் இந்த மாவட்டத்தில்தான் பரீட்சை. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் போயிற்று. கடை ஊழியர்கள் எதிர்த்தார்கள். காலி பாட்டிலை அடுக்க இடம் இல்லை, எண்ண ஆள் இல்லை, கையில் கண்ணாடி கிழிக்கிறது என்றார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. இந்தத் திட்டத்தின் சுமை அவர்கள் தலையில்தான் விழுந்தது. அதற்கு ஆளும் இடமும் கொடுக்காமல் திட்டத்தை மட்டும் புகழ்வது சரியாகாது.

ஆனால் திட்டம் எதைச் செய்தது என்று பாருங்கள். குடிப்பவரிடம் அது எந்த உபதேசமும் செய்யவில்லை. காட்டைக் காப்போம் என்று பலகை வைக்கவில்லை. போட்டவர் எடுக்காவிட்டால் வேறொருவர் எடுப்பார் என்ற அளவுக்கு ஒரு காலி பாட்டிலுக்கு மதிப்புக் கொடுத்தது, அவ்வளவுதான். நம்முடைய பழைய வழக்கமும் இதுதானே. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, முன்பணம் கட்டாமல் சோடா பாட்டிலைக் கடையைவிட்டு வெளியே கொண்டுபோக அண்ணாச்சி விடமாட்டார். காலி பாட்டிலோடு நாங்கள் ஓடிய ஓட்டம் ஊர்ச் சுத்தத்துக்காக இல்லை, அந்தக் காசுக்காக. ஆனாலும் அந்தத் தெருவில் சோடா பாட்டில் கிடந்து யாரும் பார்த்ததில்லை.

'மக்கள் மனசு மாறணும்' என்ற பேச்சை இந்த மலையில் எத்தனையோ கூட்டங்களில் கேட்டாயிற்று. எனக்கு இப்போது அதில் நம்பிக்கை இல்லை. மனசு மாறக் கூடாது என்பதல்ல. மாறும்வரை காத்திருக்க மாயாற்றுக்கு நேரமில்லை. தடைகளைப் பற்றியும் எனக்கு இதே எண்ணம்தான், ஆனால் கொஞ்சம் வேறு விதமாக. இந்த மாவட்டம் பிளாஸ்டிக்குக்கு எதிராக மற்ற ஊர்களுக்கு முன்பே கிளம்பியது. பிளாஸ்டிக் பைக்குத் தடை, குடிநீர் பாட்டிலுக்குத் தடை, சாலையோரம் குடிநீர் ஏடிஎம், பர்லியாரிலும் குஞ்சப்பனையிலும் கக்கநல்லாவிலும் வண்டியை நிறுத்திச் சோதனை, மாநிலம் முழுக்க 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்பாட்டுப் பிளாஸ்டிக் தடை, 2024 மே 7 முதல் இ-பாஸ். இவை எதுவும் வீண் இல்லை. பைகள் குறைந்திருப்பதை எங்கள் அட்டைகளும் காட்டுகின்றன. ஆனால் சாவடியில் தடுக்க முடிவது வண்டியில் வரும் பாட்டிலையும் பையையும்தான். மலைக்கு மேலே உள்ள பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கும் பாக்கெட் எந்தச் சாவடியிலும் நிற்பதில்லை. அது முறைப்படி லாரியில் வந்து, முறைப்படி விற்று, ஒரு நிமிடத்தில் காலியாகி, கோடப்பமந்துக் கால்வாய்க்குள் போய்விடுகிறது.

அன்றைக்கு அக்கா பிரித்துப் போட்ட குவியல்களை விலைப்படி அடுக்கிப் பார்த்தால் எல்லாம் விளங்கும். இரும்பும் செம்பும் எங்கள் மூட்டையில் வந்ததே இல்லை. அட்டைப்பெட்டி அபூர்வம். எடைக்குப் போகும் கனமான பிளாஸ்டிக் கொஞ்சம். பால் பாக்கெட் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். விலையே இல்லாத வெள்ளிப் பாக்கெட் மலைபோல. கரையில் என்ன கிடக்கிறது என்பது, ஊரில் எதற்கு விலை இல்லை என்பதன் பட்டியல்தான். அதைச் செய்தவர்களுக்கு விற்றவுடன் கணக்கு முடிந்துவிடுகிறது. எடுப்பவருக்கு அங்கிருந்துதான் கணக்கு தொடங்குகிறது.

பாக்கெட்டுக்கு யார் கட்டுவது

சட்டம் இல்லாமல் இல்லை. 2016ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், தயாரிப்பாளரும் அந்தப் பிராண்டின் உரிமையாளரும் தங்கள் உறைக்குப் பொறுப்பு என்கின்றன. 2022 பிப்ரவரியில் வந்த திருத்தம், ஆண்டுக்கு எவ்வளவு திரும்பச் சேகரித்துப் பதப்படுத்த வேண்டும் என்று அளவும் வகுத்தது. அதற்குச் சான்றிதழ் முறையும் உண்டு. ஒரு நிறுவனம் தானே சேகரிக்க வேண்டியதில்லை, பதப்படுத்துபவரிடமிருந்து சான்றிதழை வாங்கிக் கணக்குக் காட்டலாம். சமவெளியில் பெருநகரத்தின் ஓரத்தில் எளிதாகக் கிடைக்கும் குப்பையிலேயே அந்தக் கணக்கை நிரப்ப முடியும்போது, காமராஜ் சாகரின் சேற்றில் புதைந்த பாக்கெட்டைத் தேடி யார் வருவார்கள்? மலைக்கென்று தனிக் கணக்கு வேண்டும் என்பது என் கட்சி. இங்கே விற்கும் பாக்கெட்டுக்கு இங்கிருந்தே திரும்ப எடுத்த கணக்கைக் காட்ட வேண்டும். பாட்டிலுக்குப் பத்து ரூபாய் என்றால் பாக்கெட்டுக்குப் பத்துக் காசோ இருபது காசோ, அது தனித்தனி ஆளுக்குத் திரும்ப வராவிட்டாலும், எடைபோட்டு வாங்கும்போது அக்கா போன்றவர்களுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கிடைக்க வேண்டும். அப்படி ஒரு விலை வந்துவிட்டால் அந்த மூன்றாவது குவியல் கரைக்கு வருமா என்று பாருங்கள்.

இதைச் சொல்வதற்கு எங்களிடம் என்ன இருக்கிறது? ஊர்வலமோ பலகையோ இல்லை. அந்த அட்டைகள்தான் இருக்கின்றன. அதனால்தான் இப்போது எனக்குக் கரைக்குப் போவதில் தயக்கமில்லை. கரை சுத்தமாகும் என்பதற்காக மட்டும் போகவில்லை. நாளைக்கு இன்னொருத்தன் போடுவான் என்பது உண்மை. எதைப் போடுவான், எதைப் போட மாட்டான், போட்டாலும் எது அங்கே தங்காது என்பதை எழுதி வைக்க யாராவது இருக்க வேண்டுமல்லவா? 2022க்கு முன்னால் இந்த ஏரிக்கரையில் எத்தனை மதுபாட்டில் கிடந்தது என்று ஒரு பழைய அட்டை இருந்திருந்தால், பத்து ரூபாய் செய்த வேலையை இன்றைக்கு எண்ணாகவே காட்டலாம். எங்களிடம் அது இல்லை. ஓர் அக்காவின் நினைவும் அவர் கையிலுள்ள தழும்பும்தான் சாட்சி. பாக்கெட் விஷயத்திலாவது அப்படி ஆகக் கூடாது என்று நினைக்கிறேன்.

மாமியாரின் கேள்விக்கு வருகிறேன். சம்பளம் வாங்குகிற ஆள் இருக்கிறது என்றார். இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் ஏரிக்கரையில் இல்லை, கூடத்தில் இருக்கிறார்கள். நாங்கள் கட்டி அனுப்பும் ஒவ்வொரு மூட்டையும் அவர்கள் முன்னால்தான் அவிழ்கிறது. சேறும் தண்ணீரும் கண்ணாடியும் நாப்கினும் ஒன்றாகத் திணித்த மூட்டை என்றால், கரையின் அசிங்கத்தை அவர்கள் மடியில் கொண்டுபோய் வைத்தோம் என்றுதான் பொருள். அன்று நாங்கள் கிளம்பும் முன் அக்கா சொன்னவற்றை அப்படியே எழுதிக்கொண்டோம். சேற்றை உதறாமல் கட்டக் கூடாது, நனைந்தது கனத்துக்கும் நாற்றத்துக்கும் காரணம். கண்ணாடி உடைசலைச் சாக்கில் போடாமல் பெயிண்ட் டப்பாவில் போட்டு மூட வேண்டும். நாப்கினையும் டயப்பரையும் காகிதத்தில் சுற்றிச் சிவப்பு அடையாளம் போட்டுத் தனியே தர வேண்டும். ஊசி கிடைத்தால் தண்ணீர் பாட்டிலுக்குள் போட்டு மூடியைத் திருகிவிட வேண்டும். வெள்ளிப் பாக்கெட்டைத் தனிச் சாக்கில் கட்டினால் அவர்களுக்குப் பாதி நேரம் மிச்சம். "சாக்கு வாயை இறுக்கி முடிச்சுப் போடாதீங்க, அவுக்கறதுக்குள்ள நகம் போயிடுது" என்றதும் அவர்தான். கரையில் நின்று எத்தனை வருடம் யோசித்தாலும் எங்களுக்கு இது தோன்றியிருக்காது. எண்ண வேண்டாம் என்ற நண்பர்களும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு எங்களுக்குள் அந்த வாக்குவாதம் எழவில்லை.

அட்டையையும் மாற்றிவிட்டோம். கடைசியில் 'இல்லாதவை, குறைந்தவை' என்று ஒரு பகுதி. அதைக் கரையில் நிரப்புவதில்லை, கூடத்துக்குப் போய் அங்கிருப்பவர்களைக் கேட்டு நிரப்புகிறோம். முதல் தடவை கேட்டபோது மூன்று விஷயம் சொன்னார்கள். மதுபாட்டில் ஒன்று. கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் பை முன்பைவிடக் குறைவு. மூன்றாவது நாங்கள் எதிர்பாராதது: பிளாஸ்டிக் கப் குறைந்து பேப்பர் கப் ஏறியிருக்கிறதாம். பேப்பர் கப்பின் உள்ளே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. அதனால் அதையும் யாரும் வாங்குவதில்லை. தடை ஒரு பொருளை விரட்டியதும் அதைப்போலவே விலையில்லாத இன்னொன்று அந்த இடத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. அடுத்த அட்டையில் பேப்பர் கப்புக்குத் தனி வரி உண்டு.

கொடைக்கானலிலும் ஏற்காட்டிலும் இதே வேலையைச் செய்கிற நண்பர்களுக்கும், கீழே பவானியாற்றுப் படித்துறைகளில் செய்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்க் கணக்கில் மதுபாட்டிலைத் தனியாக எழுதுங்கள், ஸ்டிக்கர் உள்ளது, இல்லாதது என்று பிரித்து எழுதுங்கள். வெள்ளிப் பாக்கெட்டை வெறும் 'பிளாஸ்டிக்' என்ற தலைப்பில் கரைத்துவிடாதீர்கள். பல ஊர்களின் அட்டைகள் ஒரே மாதிரி இருந்தால்தான் சேர்த்துவைத்துப் பேச முடியும். மாதிரி அட்டை வேண்டுபவர்களுக்கு அனுப்புகிறேன்.

எங்களுடைய அடுத்த நாள் சீசன் தொடங்குவதற்கு முன்னால் வைத்திருக்கிறோம். கையுறையும் டம்ளரும் அவரவர் கொண்டுவர வேண்டும். காலையில் கரை, மதியத்துக்கு மேல் கூடம். இரண்டுக்கும் வர முடிந்தவர்கள் வாருங்கள். ஒன்றுக்கு மட்டும்தான் நேரம் இருக்கிறது என்றால், கரையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் கூடத்துக்கு வாருங்கள். அங்கேதான் ஆள் போதவில்லை.